கந்தோரில மெனோபோஸ்: பொறுப்பில இருக்கிற ஆம்பிளை இதை எப்பிடிக் கேட்கிறது?

ஓர்ஸ்ஹில்_வாசி | செவ்வாய், இரவு 9.12

வணக்கம். திருகோணமலையில ஒரு அரச கந்தோரில கிளைப் பொறுப்பா இருக்கிறன். வயசு 39. எனக்குக் கீழ பதினொரு பேர், ஒன்பது பேர் பெண்கள்.

அவையில ஒரு அக்கா. 51 வயசு, 27 வருசச் சேவை. எந்தக் கோப்பு எந்த அலுமாரியில எத்தினையாம் தட்டில கிடக்கு எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவா. நான் இந்தக் கிளைக்கு வந்த புதுசில வவுச்சர் எழுதக் காட்டித் தந்ததே அவதான்.

ஏழெட்டு மாசமா ஆள் வேற மாதிரி. ரெண்டு தரம் கூட்டுத்தொகை பிழைச்சுக் கணக்குக் கிளையில இருந்து திரும்பி வந்தது. கூட்டம் நடக்கேக்க நடுவில எழும்பிப் போறா. திரும்பி வரேக்க முகம் கழுவி, கழுத்தெல்லாம் ஈரம். மேசையில எப்பவும் ஒரு கோப்பு மட்டை, விசிறுறதுக்கு. 55 ஆனதும் எழுதிக் குடுத்திட்டுப் போகப்போறன் எண்டு ரெண்டு பேரிட்டச் சொல்லியிருக்கிறா.

போன கிழமை ஒரு அபிவிருத்தி உத்தியோகத்தர் தம்பி, "என்னக்கா, உங்களுக்கு மட்டும் தனிக் கச்சானா அடிக்குது?" எண்டு பகிடி விட்டார். எல்லாரும் சிரிச்சம். நானும் சிரிச்சன். அக்கா வோஷ்ரூமுக்குப் போய் அரை மணித்தியாலம் வரேல்ல. (வெளியூர்க்காரருக்கு: இது கொறிக்கிற கச்சான் இல்லை. வருச நடுப்பகுதியில மேற்குப் பக்கமிருந்து அடிக்கிற காய்ஞ்ச சூட்டுக் காத்து. எங்கட ஊரில ரெண்டுக்கும் ஒரே பேர்.)

விளக்கம் கேட்டுக் கடிதம் அடிச்சு வைச்சிட்டன். கையெழுத்து மட்டும் வைக்கேல்ல. இரவு சாப்பிடேக்க மனிசியிட்ட இதைச் சொன்னன். அவ கறிச்சட்டியைக் கீழ வைச்சிட்டு என்னைப் பாத்தா. "51 எண்டுறீங்கள், வேர்த்துக்கொண்டு எழும்பிப் போறா எண்டுறீங்கள். இன்னும் விளங்கேல்லையா உங்களுக்கு?"

மெனோபோஸ், மாதவிடாய் நிக்கிற காலம். விளங்கினாப் பிறகுதான் எனக்குப் பிரச்சினை. அவவை விட 12 வயசு இளைய ஆம்பிளை நான், போய் இதை எப்பிடிக் கேட்கிறது? கேட்கலாமா? சட்டத்தில இதுக்கு லீவு ஏதும் இருக்கா? கடிதம் இன்னும் லாச்சிக்குள்ள கிடக்கு.

தம்பலகாமம்_டீச்சர் | செவ்வாய், இரவு 9.40

தம்பி, அந்தக் கடிதம் லாச்சிக்குள்ளயே கிடக்கட்டும்.

எனக்கு 53. கணிதம் படிப்பிக்கிறன். மூண்டு வருசத்துக்கு முதல், ஒன்பதாம் வகுப்பு, இடைவேளைக்குப் பிறகு வாற பாடம், தகரக் கூரை, வெளியில கச்சான். சாரி, உள்பாவாடை, பிளவுஸ், ஆறு பின். நெஞ்சுக்குள்ள இருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்தால ஏறி, காது மடல் வரைக்கும் போகும். கன்னியாவில ஏழு கிணறும் ஏழு விதச் சூடு எண்டு சொல்லுவினம். எனக்கு ஏழையும் ஒரே நேரத்தில திறந்துவிட்ட மாதிரி. ரெண்டு மூண்டு நிமிசத்தில முடிஞ்சிரும், பிறகு ஈரப் பிளவுஸோட குளிரும்.

அதையும் தாங்கலாம். ஒருநாள் கரும்பலகையில படம் கீறிப்போட்டு "இந்த..." எண்டு தொடங்கினன், சொல் வரேல்ல. முக்கோணம். 25 வருசமா ஒரு நாளைக்கு நாற்பது தரம் சொல்லுற சொல். கையால கீறிக் காட்டினன். பிள்ளையள் சிரிச்சதுகள், நானும் சேர்ந்து சிரிச்சன். வீட்ட வந்து கதவைச் சாத்திப்போட்டு அழுதன். அம்மம்மாவுக்குக் கடைசிக் காலத்தில மறதி இப்பிடித்தான் தொடங்கினது. நித்திரை கெடுறதாலயும் ஹோர்மோன் ஏறி இறங்கிறதாலயும் இப்பிடி வரும், அநேகமா பிறகு தெளியும் எண்டு ஆரும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த ஆறு மாசப் பயம் மிச்சம்.

உங்கட அக்காவுக்குக் கூட்டுத்தொகை பிழைச்சது எனக்கு நல்லா விளங்குது. உங்களுக்கு அது ஒரு வவுச்சர். அவவுக்கு அது வேற கணக்கு.

ஆனா நேர போய்க் கேட்டிடாதேங்கோ. வெக்கத்தில செத்திடுவா.

கோட்டையடி_மான் | செவ்வாய், இரவு 10.05

எங்கட அம்மாமார் வயலுக்குள்ளயும் விறகடுப்புக்கு முன்னாலயும் நிண்டவை. அவைக்கு இந்த மெனோபோஸ் ஒண்டும் வரேல்லையே? இப்ப எல்லாத்துக்கும் ஒரு இங்கிலிஷ் பேர், பிறகு அதுக்கு ஒரு லீவு.

தம்பலகாமம்_டீச்சர் | செவ்வாய், இரவு 10.11

வந்தது. உங்களுக்குச் சொல்லேல்ல.

என்ட அம்மா இரவு ரெண்டு மணிக்குக் கிணத்தடியில வாளி வாளியா அள்ளி ஊத்துவா. ஏதோ பிடிச்சிட்டு எண்டு நாங்கள் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் நூல் கட்டுவிச்சம். அப்ப அவவுக்கு 49. நூலையும் கட்டிக்கொண்டு போய்க் குளிச்சா.

குடும்பநல_மிஸ் | புதன், காலை 6.20

நான் குடும்பநல மருத்துவிச்சி. களத்துக்கு வெளிக்கிட முன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதவிடாய் 12 மாதம் தொடர்ச்சியாக வராமல் விட்டால்தான் நின்றுவிட்டது என்று சொல்வோம். பெரும்பாலானவர்களுக்கு 45க்கும் 55க்கும் இடையில். கரைச்சல் அதற்கு முன்னமே தொடங்கிவிடும்: சிலருக்கு நாலைந்து வருடம் நாள் முந்தும், பிந்தும், கூடும், குறையும். சூடு ஏறுவது சிலருக்கு ஏழு வருடம் கூட இழுபடும். ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் குறையும்போது, மூளையில் உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் இடம் சின்ன மாற்றத்துக்கும் பதறி வியர்க்க வைக்கிறது. வெளியில் குளிராக இருந்தாலும் வரும், வெக்கையில் இன்னும் கூட.

மூட்டு வலி, தோள் இறுக்கம், நெஞ்சுப் படபடப்பு, சிறுநீர்க் கடுப்பு, காரணமில்லாத கோபம், அழுகை எல்லாமே இதில் சேரும். படபடப்பு என்று நெஞ்சு டொக்டரிடம் ஓடி ஈசிஜி எடுத்துக்கொண்டு வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எடுப்பது நல்லதுதான். ஆனால் மாதவிடாயைப் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை, இவர்களும் சொல்வதில்லை.

வெல் வுமன் கிளினிக், சுவநாரி என்றும் சொல்வார்கள், 1996 முதல் நாடு முழுக்க இருக்கிறது. உங்கள் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோரில் கேட்டால் நாள் சொல்வார்கள். காசு இல்லை. பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனை எல்லாம் செய்வோம். 35, 45 வயதுக்காரரைத் தேடித் தேடிக் கூப்பிடுகிறோம், மற்றவர்களும் வரலாம். என் கஷ்டம் என்னவென்றால், கந்தோர்ப் பெண்கள்தான் வருவதே இல்லை. கிளினிக் நடப்பது வேலை நேரத்தில். லீவு எடுத்துக்கொண்டு "எங்கே போறீங்கள்" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நின்று ஒரு வருடம் கழிந்த பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் உடனே காட்டுங்கள். "திரும்பி இளமை வந்திட்டு" என்று சிரித்துக்கொண்டு ஒரு வருடம் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

கிண்ணியா_ராத்தா | புதன், மதியம் 1.15

எல்லாரும் சூட்டப் பத்தியே கதைக்கிறீங்க. எனக்குச் சூடு பெரிசா இல்ல. எனக்கு ரெத்தம்.

47 வயசு. தனியார் இடமொண்டுல கவுண்டர்ல இரிக்கன். ஒரு மாசம் வராது, அடுத்த மாசம் வந்தா 18 நாள் நிக்காது. கவுண்டர விட்டு எழும்ப ஏலாது, வரிசையில ஆள் நிக்கும். வோஷ்ரூம் மேல் மாடியில. திறப்பு ஒரு பொடியன்ட கையில. ஒவ்வொரு தரமும் அவன்ட்ட போய்க் கேட்கணும். கறுப்பு அபாயா எண்டதால வெளிய தெரியாது, அல்ஹம்துலில்லாஹ். கதிரைக்குத் தெரியும். வீட்டுல இருந்து கறுப்புச் சீல ஒண்டக் கொண்டு போய்க் கதிரையில போட்டுத்தான் இருந்தன். ரெண்டு பேட் ஒண்டா வெச்சிக்கிட்டு.

தொழுகைக் கணக்கும் குழம்பிப் போச்சு. எது மாதத் தீட்டு, எது நோயால வாற ரெத்தம், எண்டைக்குத் தொழணும், எண்டைக்கு விடணும் எண்டு டயறியில எழுதி வெச்சி ஆலிமாட்டக் கேட்டன். அவ வெளக்கமாச் சொல்லித் தந்தா. டொக்டர்ட்ட போகச் சொன்னதும் அவதான்.

போனா ஹீமோகுளோபின் 7.8. படியில ஏற மூச்சு வாங்கினதும், காசு எண்ணக்குள்ள கண் இருண்டதும் வயசு எண்டு நினைச்சிருந்தன். ஸ்கேன் எடுத்து, மருந்து தந்து, இப்ப 11க்கு வந்திரிக்கி.

மெனேஜர் கெட்டவர் இல்ல. "ஏன் அடிக்கடி மேல போறீங்க" எண்டு மட்டும்தான் கேட்டார். பத்துப் பேருக்கு முன்னால கேட்டார்.

எனக்கு லீவும் வேணா, ஒண்டும் வேணா. அந்தத் திறப்ப ஆணியில கொழுவி வெச்சிருந்தாலே போதும்.

தம்பலகாமம்_டீச்சர் | புதன், மதியம் 1.32

ராத்தா, அந்தத் திறப்புக் கதையை வாசிச்சிட்டுச் சோறு இறங்கேல்ல. எங்கட ஸ்கூலிலயும் டீச்சர்மாருக்கு ஒரு டொய்லட்தான். அதுக்கும் பூட்டு. திறப்பு அதிபரின்ட மேசையில.

ஹரோ_மலைக்காரி | புதன், இரவு 11.50

லண்டனில இருந்து. சொந்த இடம் உவர்மலை, 96ல வெளிக்கிட்டனான். இங்க ஆஸ்பத்திரியில வேலை.

இங்க மெனோபோஸுக்கு எண்டு தனிச் சட்டம் இல்லை. 2010 சமத்துவச் சட்டத்துக்குக் கீழ வயசு, பால், இயலாமை எண்ட மூண்டு வழியால வழக்கு வைக்கலாம். 2024 மாசியில சமத்துவ ஆணைக்குழு ஒரு வழிகாட்டல் விட்டது: அறிகுறி நீண்ட காலம் இருந்து நாளாந்த வாழ்க்கையைப் பெரிசாப் பாதிச்சா அது இயலாமையாகவும் கணக்கெடுக்கப்படலாம், அப்ப வேலை குடுக்கிறவர் நியாயமான மாற்றம் செய்ய வேணும் எண்டு. 2023ல தர நிர்ணய நிறுவனம் பிஎஸ் 30416 எண்டு ஒரு கோவையும் போட்டது, மாதவிடாய்க்கும் மெனோபோஸுக்கும் வேலையிடத்தில என்ன செய்யலாம் எண்டு.

பேப்பரில எல்லாம் வடிவா இருக்கு. என்ட வோர்டில மேசை ஃபேன் கேட்டன். காத்தால கிருமி பரவும், வோர்டுக்குள்ள ஏலாது எண்டிட்டினம். பிறகு மெல்லிய துணியில யூனிஃபோர்ம் தந்தினம், இரவு வேலையைக் குறைச்சினம். அது உதவினது.

டீச்சர் சொல்லுறதோட எனக்கு ஒத்துப்போகாது. கேட்காதே, கேட்காதே எண்டு பொத்திப் பொத்தித்தான் எங்கட அம்மாமாருக்கு நூல் கட்டினம். தம்பி தனிய கூப்பிட்டுத் தெளிவாக் கேட்க வேணும். பேரைச் சொல்லித்தான் கேட்க வேணும்.

தம்பலகாமம்_டீச்சர் | வியாழன், காலை 5.58

ஹரோவில கேட்டா ஹரோவோட போகும் அக்கா. இங்க காலமை கிளையில கேட்டா பின்னேரம் மீன் சந்தையில தெரியும். அந்தக் கந்தோர்ப் பியோன் அவவின்ட மச்சானின்ட சகலனா இருப்பார். மகளுக்குச் சம்பந்தம் பேசுற காலமாயும் இருக்கும். "தாய்க்கு நரம்புத் தளர்ச்சியாம்" எண்டு ஆரும் திரிச்சு விட்டா ஆர் பதில் சொல்லுறது?

பெயர்_வேண்டாம் | வியாழன், காலை 10.27

இதில எழுதுறதுக்கெண்டே கணக்குத் திறந்தன்.

எனக்கு 38. இரண்டு சூலகத்தையும் ஒப்பரேஷனில எடுத்தவை. எடுத்த நாளில இருந்தே எனக்கு மெனோபோஸ். ஆறுதலா வாறதெல்லாம் இல்லை, மரத்தில இருந்து விழுந்த மாதிரி. கந்தோரில ஒருத்தரும் நினைக்கிறதில்லை, 38 வயசுக்கு ஆர் நினைப்பினம்? எனக்கு முன்னாலயே 50 வயசு மிஸ்மாரைப் பற்றிப் பகிடி விடுவினம். நானும் சிரிக்கிற மாதிரி இருப்பன்.

ஓர்ஸ்ஹில்_வாசி, உங்கட மனிசி சொன்னது சரியா இருக்கலாம். ஆனா வயசையும் வேர்வையையும் வைச்சு நீங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில ஒரு முடிவுக்கு வந்திட்டீங்கள். தைரொயிட் கூடினாலும் இப்பிடித்தான் வேர்க்கும், படபடக்கும். சீனி இறங்கினாலும் வேர்க்கும். புருசன் குடிச்சுப்போட்டு அடிச்சாலும் நித்திரை இல்லாமல் கூட்டுத்தொகை பிழைக்கும். அந்த ஒன்பது பேரில என்னைப் போல ஒருத்தி இருந்தா அவளை உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஆருக்கு என்ன எண்டு தேடிக் கண்டுபிடிக்கிறது உங்கட வேலை இல்லை. அறைக்குள்ள காத்து வருதா எண்டு பாக்கிறது உங்கட வேலை.

ஓர்ஸ்ஹில்_வாசி | வியாழன், காலை 11.02

இதை மூண்டு தரம் வாசிச்சன். நன்றி.

பழைய_சிசி | வியாழன், இரவு 8.15

ஓய்வு பெற்ற பிரதம லிகிதர். 34 வருசம் லீவு ஃபோர்ம் பார்த்த கை.

லீவைக் கேட்டீங்கள். மெனோபோஸ் லீவு எண்டு இலங்கையில ஒண்டும் கிடையாது. அரச உத்தியோகத்தருக்கு வருசத்துக்குச் சாதாரண லீவு 21, ஓய்வு லீவு 24. மாசத்தில ரெண்டு ஷோர்ட் லீவு, ஒண்டு ஒன்றரை மணித்தியாலம். கிளினிக்குக்கு அது காணும். தனியாரில 1954ஆம் ஆண்டு கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வருடாந்த லீவு 14, சாதாரண லீவு 7. ராத்தாவுக்கு அதுதான் பொருந்தும் எண்டு நினைக்கிறன்.

இனி ஆரும் சொல்லாததைச் சொல்லுறன். எங்கட கந்தோர்களில நோயை விட அதின்ட துண்டுதான் கூட வலிக்கும். மெடிக்கல் துண்டு வந்தா, தபால் புத்தகத்தில பதியிற பிள்ளை வாசிக்கும். விசயக் கோப்புக்காரர் வாசிப்பார். நான் வாசிப்பன். நிர்வாக உத்தியோகத்தர் வாசிப்பார். பிறகு தனிப்பட்ட கோப்பில துளை போட்டுக் கட்டி வைப்பம், அடுத்த இருபது வருசம் வாறவன் போறவன் எல்லாம் வாசிப்பான். கர்ப்பப்பை எடுத்த ஒரு பிள்ளையின்ட துண்டைத் தேத்தண்ணி நேரத்தில ரெண்டு பேர் இழுத்து வைச்சு வாசிச்சதைக் கண்டனான். ஏசி அனுப்பினன். அதுக்கு மேல ஒண்டும் செய்யேல்ல, உண்மையைச் சொல்ல வேணும்.

அதால தம்பி, மூடின கடித உறையில உங்கட பேருக்குத் தரச் சொல்லுங்கோ. ஷோர்ட் லீவுக்குக் காரணம் எண்ட கட்டத்தில "சொந்தத் தேவை" எண்டு எழுதினாலே போதும். ஒப்பமிடுங்கோ. என்ன தேவை எண்டு கேட்காதேங்கோ. ஆம்பிளையளுக்கும் அப்பிடியே. மூலவியாதிக்காரரும் உங்களை வாழ்த்துவினம்.

நிலாவெளி_லோன்ட்ரி | வெள்ளி, அதிகாலை 12.40

ஹோட்டல்ல ரூம் கிளீன் பண்றது. சித்திரையில இருந்து புரட்டாதி வரைக்கும் சீசன், மூச்சு விட நேரமில்ல. பொலியஸ்டர் யூனிஃபோர்ம், கழுத்து வரை பட்டன். கெஸ்ட் போனதும் ஏசி நிப்பாட்டிருவாங்க, நாங்க கிளீன் பண்ணேக்க போடக் கூடாது. 50 வயசுல பதினாலு கட்டில் விரிக்கிறன். எங்களுக்கு ஷோர்ட் லீவு, கடித உறை ஒண்டும் இல்ல அண்ணா. ஆனா புது சூப்பவைசர் பிள்ளை ஒண்டு வந்து, கட்டில் விரிக்கிற பத்து நிமிசம் ஏசி போடலாம் எண்டு சொல்லிச்சு. ஏன் எண்டு காரணம் சொல்லல. நாங்களும் கேக்கல.

குடும்பநல_மிஸ் | வெள்ளி, காலை 6.05

மருந்து பற்றி உள்பெட்டியில் நிறையப் பேர் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன். ஹோர்மோன் மருந்து என்றதும் புற்றுநோய் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் பெரும்பாலும் 2002இல் அமெரிக்காவில் வந்த ஒரு பெரிய ஆய்விலிருந்து வந்தது. அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. இன்றைய மருத்துவ நிலைப்பாடு: 60 வயதுக்குள், அல்லது நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலானோருக்கு நன்மை ஆபத்தை விடக் கூட. மார்புப் புற்றுநோய் வந்தவர்கள், இரத்தக் கட்டி வந்தவர்கள் போன்றோருக்கு வேறு வழி பார்க்க வேண்டும். கர்ப்பப்பை இருக்கிறவர்கள் ஈஸ்ட்ரஜனைத் தனியே எடுக்கக் கூடாது, கூடவே புரொஜெஸ்டரோன் வகை ஹோர்மோனும் வேண்டும். ஆகவே தோழி எடுத்த குளிசையை வாங்கிப் போடாதீர்கள். விசேட வைத்தியரிடம் போங்கள். 38 வயதுத் தங்கச்சி, உங்களுக்கு இது இன்னும் முக்கியம். இவ்வளவு இளம் வயதில் ஈஸ்ட்ரஜன் இல்லாமல் போனால் எலும்பும் இதயமும் கூடப் பாதிக்கும். யாரிடமும் காட்டாமல் இருந்தால் தயவுசெய்து காட்டுங்கள்.

பெயர்_வேண்டாம் | வெள்ளி, காலை 7.31

காட்டுறன் மிஸ். பூச்சு ஜெல் போடுறன்.

ஓர்ஸ்ஹில்_வாசி | அடுத்த வியாழன், இரவு 9.30

நடந்ததைச் சொல்லுறன். பெரிசா ஒண்டும் இல்லை.

திங்கள் காலமை முழுக் கிளையின்ட கதிரை மேசையையும் மாத்தினன். கணக்காய்வு வருது, கோப்பு அலுமாரிகளைச் சுவரோட ஒதுக்க வேணும் எண்டு காரணம் சொன்னன். பொய் இல்லை, கணக்காய்வு எப்பவும் வரும்தானே. புது ஒழுங்கில அக்காவுக்கும் இன்னும் மூண்டு பேருக்கும் கடல் பக்க யன்னல். பத்து வருசமா அந்த யன்னலை மறைச்சுக்கொண்டு நிண்டது 2009ஆம் ஆண்டுக் கோப்புகள்.

கூட்டம் இனி காலமை ஒன்பதரைக்கு, நாற்பது நிமிசத்துக்கு மேல இல்லை, ஆரும் எழும்பிப் போகலாம். வோஷ்ரூம் திறப்பு ஆணியில கொழுவியாச்சு, ராத்தாவுக்கு நன்றி. பெண்கள் பக்கத்தில மூடியோட குப்பை வாளி இல்லாமலே இவ்வளவு காலமும் இருந்திருக்கு எண்டது எனக்கு இப்பதான் தெரியும். தம்பியைத் தனிய கூப்பிட்டுப் பகிடியைப் பற்றிக் கதைச்சன். நானும் சிரிச்சனான் எண்டதையும் சொன்னன், இல்லாட்டி அவர் என்னை மதிச்சிருக்க மாட்டார்.

அக்காவிட்டக் கேட்கேல்ல. எல்லாருக்கும் பொதுவா ஒரே ஒரு வசனம்தான்: ஷோர்ட் லீவுக்குக் காரணம் எழுத வேண்டாம், துண்டு இருந்தா உறையில என்னட்ட நேர தாங்கோ.

புதன்கிழமை ரெண்டு ஃபோர்ம் வந்தது. ஒண்டு அக்காவின்டது, மற்றது நான் கனவிலயும் நினைக்காத ஆள். ரெண்டையும் பாக்காமல் ஒப்பமிட்டன். அக்கா ஃபோர்மை எடுத்துக்கொண்டு போகேக்க வாசலில நிண்டு, "சேர், அந்த வவுச்சர் ரெண்டையும் நான் திரும்பக் கூட்டிப் பாத்திட்டன், சரி" எண்டா. "சரி அக்கா" எண்டன். அவ்வளவுதான்.

லாச்சிக்குள்ள கிடந்த கடிதத்தின்ட பின்பக்கத்திலதான் மேசை ஒழுங்கு கீறினனான். அது இப்ப சுவரில ஒட்டியிருக்கு, எழுத்துப் பக்கம் உள்ளுக்கு.

ஒரு சிக்கல் இருக்கு. யன்னல் பக்கம் பிளக் இல்லை. நிண்ட ஃபேன் ரெண்டு வாங்கினம், வயர் எட்டுதில்லை.

கோட்டையடி_மான் | அடுத்த வியாழன், இரவு 9.44

எக்ஸ்டென்ஷன் கோட் நிலத்தில இழுத்து விடாதேங்கோ, ஆரும் தடக்குப்பட்டு விழுவினம். சுவரோட கேசிங் அடிச்சு எடுங்கோ. நான் வயரிங் வேலைதான் செய்யிறது. சனிக்கிழமை வந்து பாக்கிறன், பொருளுக்கு மட்டும் காசு தந்தாப் போதும்.

தம்பலகாமம்_டீச்சர் | அடுத்த வியாழன், இரவு 9.47

அப்பிடியே எங்கட ஒன்பதாம் வகுப்பையும் ஒருக்கா வந்து பாருங்கோ மான் தம்பி. ஃபேன் இருக்கு. ரெகுலேட்டர்தான் 2ஐ விட்டு அசையாது.